ஹேண்டில் போட்டுப் பார்த்து வாங்கிய கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யாராவது, "எத்தனை சி.சி. எடுக்கலாம் டாக்டர்?" என்று என்னிடம் வாயைக் கொடுத்தால், நான் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன். மணிக்கட்டு எப்படி இருக்கிறது, கட்டைவிரல் எப்படி மடங்குகிறது என்று. இந்தக் காலத்துக் கார்களில், முன்னால் ஹேண்டிலைச் செருகித் திருகிக் கிளப்புகிற ஓட்டையே கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பழகிப்போன கண், அங்கேதான் போகிறது. எழுபதுகளின் கடைசியில் நான் கார் வாங்கிய கதை அப்படி.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மதுரை சிம்மக்கல்லில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கீழே கடை, மாடியில் வீடு. நான் டாக்டருக்குப் படித்தவள் என்பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக் வைத்து, காலையில் போய் மத்தியானம் திரும்புகிறேன் என்று நான் ஆரம்பித்தபோது பெருமை கொஞ்சம் இறங்கிப்போனது.

"ஏன் தாயி, மாடியிலேயே ஒரு போர்ட மாட்டிக்கிட்டு உக்காந்தா சீக்காளி வரமாட்டாங்களா?" என்றார் மாமனார்.

வருவார்கள். சிம்மக்கல்லைச் சுற்றி டாக்டருக்கா பஞ்சம்? சமயநல்லூர்ப் பக்கத்து ஊர்களில்தான் பிரசவம் பார்க்க ஒரு பெண் டாக்டர் இல்லை. வயலில் நாற்று நடும் பெண்கள், ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு, எல்லாம் முற்றிப்போன பிறகு மாட்டுவண்டியில் படுத்தபடி வருவார்கள். நான் இருக்கவேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

போக வர பஸ்தான். ஒரு நாள் அந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு நர்ஸே பிரசவம் பார்த்து முடித்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். நர்ஸ் கை கழுவக்கூடப் போகாமல் வாசலுக்கு வந்து நின்றாள். "பனிக்கொடம் ஒடைஞ்சதுல இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டரம்மா" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், எனக்கு ஒரு கார் வேண்டும், அதை நானே ஓட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன். படிக்கிற காலத்திலேயே என் அப்பாவின் காரில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தேன்.

"டிரைவர் போட்டுக்கலாமே" என்றார் மாமனார்.

"டிரைவர் லீவு போட்டா பிரசவத்துக்கும் லீவா மாமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வீட்டில் மாமனாருக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் நைசாகக் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

"சரி" என்றார் மாமனார் கடைசியில். "ஒரு மாசம் பாப்போம். நீயே ஓட்டிக்கிட்டுப் போ, நீயே வா. என்னைக்காவது வண்டி வழியில நின்னு, அடுத்தவன் கையப் பிடிச்சுத்தான் கெளப்பணும்னு வந்துச்சுன்னு வையி, அன்னையோட அந்தக் கிளினிக்குப் பூட்டு. மாடியில போர்டு மாட்டிரணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். கோபத்தில் சொன்னது. அவர் சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், எதை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

ஆற்றங்கரையோரம் ஒரு ஷெட்டில் பழைய கார்கள் விற்கும் தரகர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். மாப்ள, மாப்ள என்று தோளில் கை போட்டுப் பேசுவார். போய்ப் பார்த்தால், ஒரே மாதிரி இரண்டு கார். இரண்டுக்கும் இரண்டே கதவு. தரையை ஒட்டிய உடம்பு, வேண்டுமானால் மடித்துக்கொள்ளும்படி துணிக்கூரை. வீட்டுக்கு ஆகிற காரா அது? ஊர் சுற்றுகிற பணக்காரப் பிள்ளைகளின் கார். எனக்கோ பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. என்ன செய்வது, புத்தி அப்படி.

ஒன்று சிவப்பு, இன்னொன்று மோர் நிறம். சிவப்பில் இருந்தது ஆயிரத்து நூற்றைம்பது சி.சி. என்ஜின். மோர் நிறத்தில் தொள்ளாயிரத்து ஐம்பது. அந்த இருநூறு சி.சி.யில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டேன். ஷெட்டிலிருந்த வயதான மெக்கானிக் சிரித்தார்.

"அது மூணு படி பொங்குற பானைம்மா. இது ரெண்டு படி. பொங்குறது என்னவோ ரெண்டும் சோறுதான்."

சிவப்பை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கிளினிக்கும் மறந்தது, மாமனாரும் மறந்தார். மோர் நிறம் தையல் மெஷின் மாதிரி ஓடியது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செவப்புத்தான?" என்றார். நான் அதன் கதவைத் திறந்து ஸ்டீரிங்கைத் தடவிப் பார்த்தேன். அதுவே பதில் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் வீட்டில் எதையும் குடும்பத்தோடு சோதித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். கட்டில் வாங்கினால் கடையிலேயே எல்லோரும் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். கார் மட்டும் விதிவிலக்கா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார், மாமியார், என் நாத்தனார், அவளுடைய வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், நான் என்று ஒரு படையே ஷெட்டில் இறங்கியது. வைகையில் தண்ணீர் இல்லாத மாதம். மணலிலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு மண் சரிவு உண்டு. லாரிகளைக் கழுவக் கொண்டுபோகும் பாதை. அந்தச் சரிவில் ஆளேற்றிப் பார்ப்பதுதான் தரகரின் சோதனை.

சிவப்பு வண்டியின் கூரையை மடித்துவிட்டு, உள்ளே நாலு பேர், மடித்த கூரையின் மேல் இரண்டு பேர், பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு தரகர். மாமியார் முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். நான் ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூடத் திணறாமல் ரோட்டுக்கு ஏறி நின்றது. கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்து மோர் நிறம். அதே படை, அதே சரிவு. பாதி தூரத்தில் வண்டி முக்கியது, முனகியது, அப்படியே நின்றுவிட்டது. நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் இறங்கினார்கள். அப்புறமும் ஏறவில்லை. தரகர் இறங்கினார். பிறகுதான் மெதுவாக ஏறியது. நாத்தனார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள்.

"மதினி, பேறுகாலத்துக்கு வந்தவ மாதிரில முக்குது! மொதல்ல இதுக்குத்தான் நீங்க வைத்தியம் பாக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். விஷயம் அதோடு முடிந்தது. சிவப்பு என்று தீர்மானமாகிவிட்டது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு எந்தக் காலத்தில் நான் கிளினிக்குக்குப் போகப்போகிறேன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

ரோட்டோரக் கடையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து சிவப்பில் உட்கார்ந்து செல்ஃபைத் திருகினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். "பேட்டரி கொஞ்சம் சோம்பல். வேற மாத்திக்கலாம் தங்கச்சி" என்றார் தரகர். மெக்கானிக் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகித் திருகினார். முக்கால் சுற்று வந்து மாட்டிக்கொண்டது. தரகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அவரும் கை கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஏலேலோ பாடாத குறையாகத் திருகி, நாலாவது தடவையில் வண்டி கிளம்பியது.

"பெரிய என்ஜினு பாருங்க, அமுக்கம் ஜாஸ்தி. ரெண்டு ஆம்பள வேணும்" என்று மெக்கானிக் பெருமையாகச் சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்தார்.

அடுத்தவன் கை என்று மாமனார் போட்ட நிபந்தனை எனக்கு நினைவுக்கு வந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். கீழே இறங்கினேன்.

"அண்ணே, ஹேண்டிலக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"நான் போட்டுப் பாக்குறேன்."

"வேணாம்மா, எத்திவிட்டா கை போயிரும்!"

எனக்குத் தெரியாதா? ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், ஹேண்டில் எத்தி மணிக்கட்டு முறிந்து வந்த லாரி டிரைவர்கள் எத்தனை பேருக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறேன். எல்லோரும் செய்த தப்பு ஒன்றுதான். கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறு பக்கமும் வைத்து இறுக்கிப் பிடித்திருப்பார்கள். என்ஜின் திருப்பி அடிக்கும்போது கை விலகாது, எலும்பு விலகும். அதனால் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கிக்கொண்டேன். "இப்பிடிப் பிடிக்கணும். நீங்க பிடிச்சது தப்பு. இன்னொரு தடவ அப்பிடிப் பிடிச்சா எங்கிட்டத்தான் கட்டுப்போட வருவீங்க" என்று தரகரைக் கடிந்துகொண்டேன். மாமனார் பக்கத்தில் வந்து குனிந்து, என் விரல்களைக் கவனமாகப் பார்த்தார்.

மேல்நோக்கி இழுத்தேன். முக்கால் சுற்றில் சுவர் மாதிரி நின்றது. காலை ஊன்றி, முழு உடம்பையும் போட்டு இழுத்தேன். ஒரு விரற்கடை நகர்ந்தது, அப்புறம் பட்டென்று திருப்பி அடித்தது. விரல்கள் தாமாக விலகிக்கொண்டன. ஹேண்டில் கழன்று புழுதியில் விழுந்தது. மாமியார் வீலென்று கத்தினார். கைக்கு ஒன்றுமில்லை. 

மோர் நிறத்திடம் போனேன். ஹேண்டிலைச் செருகி இழுத்தேன். கனமாகத்தான் இருந்தது. ஆனால் உச்சியைத் தாண்டிச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது தடவை இருமியது. மூன்றாவது தடவை தையல் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. நிமிர்ந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர். வியர்வை என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"இதுதான்" என்றேன்.

"ஏம்மா, நல்லா யோசிச்சியா? பேட்டரிய மாத்திட்டா ஹேண்டிலே தேவையில்லையே" என்றார் என் வீட்டுக்காரர். பாவம், அவருக்கும் அந்தச் சிவப்பின்மேல் ஆசை.

"புதுப் பேட்டரியும் ஒரு நாள் பழசாகுமுங்க. அன்னைக்கு நான் ரோட்டுல நின்னு ரெண்டு ஆம்பளையத் தேடவா?"

அவர் தரகரிடம் விலை பேசப் போனார். மாமனார் மட்டும், "முக்குற வண்டியப் போயி எடுக்குறாளே" என்று முணுமுணுத்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு முக்கு வண்டி என்றே பெயராகிவிட்டது.

ஒரு மாதக் கெடு தொடங்கியது. தினமும் காலையில் சிம்மக்கல்லிலிருந்து கிளம்புவேன். டவுன் பஸ்கள்கூட என்னை முந்திக்கொண்டு போகும். முதல் வாரத்திலேயே யாரோ ஒரு பணக்காரப் பையன் அந்தச் சிவப்பு வண்டியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். வயிறு எரிந்தது. இருந்தாலும் தினமும் மத்தியானம் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, அப்பாடா, இன்றைக்கு ஒரு நாள் கழிந்தது என்று மூச்சு வரும். நாட்காட்டியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

அந்த மாதம் வீட்டில் இன்னொரு அதிசயமும் நடந்தது. மாமனார் தினமும் வயலுக்குப் போக ஆரம்பித்தார். எங்களுக்கு மேற்கே, சமயநல்லூரையும் தாண்டி, பூர்வீக நிலம் கொஞ்சம் இருந்தது. குத்தகைக்கு விட்டிருந்தோம். காலையில் நான் சாவியை எடுக்கும்போதே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவார். "வண்டியிலேயே வாங்களேன் மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். "முக்கு வண்டியில எவன் ஏறுவான்?" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "வாய்க்கால்ல சொட்டுத் தண்ணியில்ல. காஞ்ச வயல்ல அப்பிடி என்னத்தத்தான் பாக்குறாரோ மனுசன்" என்று என்னிடம் அங்கலாய்த்தார். நான் என் கவலையில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. மத்தியானம் கிளினிக்கைச் சாத்தப்போகும் நேரத்தில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். தலைப்பிரசவம். கையை வைத்துப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. என் கிளினிக்கில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். இரண்டு கதவு காரில் நிறைமாதப் பெண்ணைப் பின் சீட்டில் ஏற்றுவது என்ன பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன் சீட்டை மடக்கி, நர்ஸும் நானும் தாங்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவளுடைய அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மெயின் ரோட்டுக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் உண்டு. போனால், அடைத்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு லாரி. பின்னால், மேற்கே கிராமங்களிலிருந்து வரும் பஸ் வந்து ஒட்டி நின்றது. கேட் அடைத்தால் என்ஜினை அணைக்கிறது எங்கள் எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற காரியம், பெட்ரோல் விற்ற விலைக்கு. அன்றைக்கும் அணைத்துத் தொலைத்தேன். கொஞ்ச நேரத்தில், வெயிலில் உள்ளே புழுங்குகிறதே, வண்டி தயாராக இருக்கட்டும் என்று செல்ஃபைத் திருகினேன்.

டிக்.

மறுபடியும் டிக். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பின்னால் அந்தப் பெண் முனகினாள். "என்ன டாக்டரம்மா?" என்றாள் அவள் அம்மா. "ஒண்ணுமில்ல, நீங்க பிள்ளையப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்னால் லாரி, பின்னால் பஸ். தள்ளிவிட்டுக் கிளப்பவும் இடமில்லை. லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"விடுங்கக்கா, நான் போடுறேன்."

அந்த இடத்தில் நான் செய்த கணக்கை இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கேட் எப்படியும் மூடியிருக்கிறது. ரயில் வரும்வரை யாரும் நகர முடியாது. அதுவரைக்கும் நேரம் என்னுடையது. கேட் திறந்தும் கிளம்பவில்லையென்றால், ஹேண்டிலை அவர் கையில் கொடுத்துவிடுவேன். கிளினிக் போனால் போகட்டும். அந்தப் பெண்ணைவிட என் சபதம் பெரியதில்லை.

"ரயில் போறவரைக்கும் எனக்கு விடுங்கண்ணே. முடியலன்னா நானே கூப்புடுறேன்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி நின்றார்.

கட்டைவிரலை மடக்கினேன். இழுத்தேன். சுற்றியது, கிளம்பவில்லை. இரண்டாவது தடவை வியர்வையில் கை வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். தூரத்தில் ரயில் ஊதியது. மூன்றாவது தடவை ஒரு இருமல். நாலாவது தடவை இழுக்கும்போது, என்னைப் பெற்ற தாயே என்று வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன்; லாரி டிரைவர் பிறகு சிரித்ததிலிருந்து தெரிந்தது. முக்கு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தவும் ரயில் கடந்து போகவும் சரியாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மணிக்குப் பெண் குழந்தை. தாய்க்கும் ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சொன்னபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது மாமனார் கடை வாசலில் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற கிளினிக் எனக்கு வேண்டாம்.

"மாமா, இன்னைக்கு வண்டி வழியில நின்னுபோச்சு" என்றேன்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"எவனும் சொல்லல. ஒனக்குப் பின்னாலதான பஸ்ஸுல உக்காந்திருந்தேன்." அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு மாசமா அதுலதான் போறேன், அதுலதான் வாரேன். நீ எங்கயாச்சும் நடுரோட்டுல நின்னுட்டா என்ன பண்ணுவேங்கிற பயம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப, எம்மேல நம்பிக்க இல்லாமத்தான் வேவு பாத்தீங்களா?"

"வேவு இல்ல தாயி. பயம்னு சொல்றேன்ல." துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "நீ ஹேண்டிலத் தூக்கிக்கிட்டு எறங்கவும் நானும் எந்திரிச்சு வந்து படியில ஒரு காலக் கீழ வச்சுட்டேன். நான் வந்து தொட்டா ஓங் கிளினிக்கு போயிரும். தொடலன்னா உள்ள கெடக்குற பிள்ள என்ன ஆகும்னு தெரியல. என்ன செய்யன்னு ஓடல. அப்பத்தான் நீ கட்டவெரல மடக்குன. ஆத்தங்கரையில வச்சுக் காமிச்சியே, அதே மாதிரி. பாத்தேன். காலத் தூக்கி உள்ள வச்சுக்கிட்டேன்."

 கோபம் போன இடம் தெரியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு?" என்றார்.

"பொண்ணு பெறந்திருக்கு மாமா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"அப்பாடா" என்றார். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடித் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, கடைப் பையனிடம் தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

கெடு முடிய இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மாமனார் சட்டை போடாமல், பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"வயலுக்குப் போகலையா மாமா?"

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தண்ணியில்லாத வயல்ல எனக்கென்ன வேல? நீ போயிட்டு வா" என்றார்.